போட்டோவுக்கு வந்தவள்

ஜமுக்காளத்தின் ஒரு மூலையில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மீதி ஜமுக்காளம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

கெங்கவல்லிப் பக்கம் ஓர் ஊராட்சி. பெயர் வேண்டாம். அந்த ஊரில் இந்த வார இதழை வாங்கிப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் அங்கே இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பள்ளிக்கூடத்து முன்னால் கிராம சபை. சபை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒருவரை அனுப்புவார்கள். பற்றாளர் என்று பெயர். அந்த ஊருக்கு நான்தான் பற்றாளர்.

"ஏனுங்க, ஊர்ல இவ்வளவு பேருதானுங்களா?" என்று தலைவரைக் கேட்டேன்.

தலைவர் துரைசாமி கெட்டிக்காரர். வெள்ளைச் சட்டையில் ஒரு கறை இருக்காது, பேச்சில் ஒரு பிசிறு இருக்காது. "எல்லாரும் குச்சிக்கிழங்கு புடுங்கறாங்க மேடம். லாரி வந்து நிக்குது. இன்னிக்குப் போய் சபைக்கு வான்னா எவன் வருவான்?" என்றார்.

கெங்கவல்லியிலிருந்து வந்திருந்த ஸ்டுடியோக்காரர் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு இறக்கினார். "சார், இதுல ஜமுக்காளம்தான் விழும்."

சபை நடந்ததற்குச் சாட்சியாக ஒன்றியத்துக்குப் போட்டோ போகவேண்டும். துரைசாமி ஊராட்சிச் செயலரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "முகாமுக்குப் போய்ட்டு வந்துருப்பா."

ஊருக்குக் கிழக்கே இலங்கையிலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்களின் முகாம் இருந்தது. அரை மணி நேரத்தில் அங்கிருந்து நாற்பது பெண்கள் வந்தார்கள். முகம் கழுவிப் பவுடர் போட்டு, இருப்பதில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்களுக்கு இது பழகிய வேலை. வந்ததும் அவர்களாகவே வரிசையாக உட்கார்ந்தார்கள், கேமராவைப் பார்க்காமல் மைக்கைப் பார்த்தார்கள். இரண்டு தடவை பளிச்சிட்டது.

"சரிம்மா, நீங்க போலாம்."

எல்லோரும் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு போனார்கள். ஒருத்தி மட்டும் எழவில்லை.

"என்னம்மா, போலாமே," என்றார் துரைசாமி.

"ஓம் ஐயா. என்ன கதைக்கிறீங்கள் எண்டு கேட்டிட்டுப் போறன்."

துரைசாமி என்னைப் பார்த்தார். "உக்காரட்டுங்க. கேக்கறதுக்கு என்னங்க தடை?" என்றேன் நான். அன்று அவளுக்கு நான் செய்த பெரிய உபகாரம் அது. யோகராணி எனக்கு அப்படித்தான் பழக்கமானாள்.

வீடு தேடி வரும் நோட்டு

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வூதியம் வாங்குகிற வயதில் இனி யார் என்னை என்ன செய்யப்போகிறார்கள்?

அன்று சபைக்கு வந்தவர்கள் பதினோரு பேர். நோட்டில் இருந்த கையெழுத்துகள் நூற்றுக்கும் மேல். முன்னும் பின்னும் ஒரு வாரம் அந்த நோட்டு வீடு வீடாகப் போய் வரும். இது அந்த ஊரின் குற்றம் மட்டும் இல்லை. நான் பார்த்த பல ஊர்களில் வழக்கம் இதுதான்.

எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். அப்பாவுக்குத் தோட்டமும் ஒரு கோழிப்பண்ணையும் இருந்தன. மகள் ஒன்றிய அலுவலகத்தில் உத்தியோகம் பார்க்கிறாள் என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். ஆனால் ஆயுளில் ஒரு கிராம சபைக்கும் போனதில்லை. ஒரு முறை லீவில் போயிருந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"ஏப்பா, இன்னிக்குச் சபை. நீங்க போகலீங்களா?"

"கோழிக்குத் தீவனம் வெக்கோணும் சாமி. நோட்டு எப்படியும் ஊட்டுக்கு வரும். நா எதுக்கு வெயில்ல போயி உக்காரோணும்?"

சொன்னபடியே நோட்டு வந்தது. அப்பா தீவனக் கையைத் துண்டில் துடைத்துவிட்டு அழகாகக் கையெழுத்துப் போட்டார். "என்ன தீர்மானம்னு பாக்க வேண்டாங்களா?" என்றதற்கு, "அதையெல்லாம் பாக்கத்தான் உன்னையப் படிக்க வெச்சேன்," என்று வாயை அடைத்துவிட்டார். அதற்கு மேல் அவரோடு மல்லுக்கட்ட என்னால் முடியவில்லை.

ஜவ்வரிசிக் களத்தில்

யோகராணி அடுத்த சபைக்கும் வந்தாள். அதற்கடுத்த சபைக்கும் வந்தாள். போட்டோ முடிந்து மற்றவர்கள் போனபிறகு, பள்ளிக்கூடத் தாழ்வாரத்துத் தூணோரமாகத் தள்ளி உட்கார்ந்துகொள்வாள்.

ஒரு தடவை துரைசாமி அவசரத்தில் நேராகப் புதுத் தீர்மானத்துக்குப் போய்விட்டார். தூணோரமிருந்து குரல் வந்தது. "ஐயா, போன கூட்டத்துத் தீர்மானம் வாசிக்கேல்லை."

சபை சிரித்தது. துரைசாமியும் சிரித்துவிட்டார். "இந்தம்மாவையே செயலராப் போட்டுறலாம் போலருக்கே!" என்று சொல்லிவிட்டு, பக்கத்தைத் திருப்பி முதலிலிருந்து வாசித்தார்.

குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் ஆலையில் அவளுக்கு வேலை. சிமென்ட் களத்தில் ஈர ஜவ்வரிசியைப் பரப்பிக் காலால் கிளறிவிட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அவள் பக்கத்தில் போனாலே புளித்த கிழங்குப் பால் வாசம் அடிக்கும். இப்போதும் ஆத்தூர் சாலையில் ஆலைகளைத் தாண்டும்போது பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். நான் மட்டும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வேன்.

அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் வீட்டில் இறங்குவேன். பத்துக்குப் பத்து அறை, அதில் அவளும் அவள் அம்மாவும். கணவர் போரில் காணாமல் போனவர். பால் இல்லாத தேநீரை எனக்குக் கொடுத்து, உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் வைப்பாள். சீனியை நக்கிக்கொண்டே குடிக்கவேண்டும். அதிகாரி தோரணையோடு அதைச் செய்ய முடியாது.

முகாமில் அனுமதி வாங்கி ஒரு நாள் அவளைச் சேலத்துக்கு அழைத்து வந்தேன். பனமரத்துப்பட்டி ஏரியைப் பார்க்கவேண்டும் என்றாள். மழை பொய்த்த வருடம். ஏரி முழுக்கச் சீமைக்கருவேலம் நின்றது. கரைமேல் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கட ஊரில குளம் இருக்கு மிஸ். தண்ணி திறக்க முதல் கூட்டம் வைப்பினம். எந்த வயலுக்கு முதல், எந்த வயலுக்குப் பிறகு எண்டு ஒரே சத்தம். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போவார். ஆமிக்காரரும் இயக்கமும் வந்த பிறகு, கூட்டம் எண்டாலே பயம். எனக்கு ஊரில வீட்டைவிட அந்தக் கூட்டம்தான் ஞாபகம் வருது."

எங்கள் ஜமுக்காளத்தில் ஏன் அவள் எழாமல் உட்கார்ந்திருந்தாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. மனிதர்கள் வீட்டை நினைத்து ஏங்குவார்கள், சாப்பாட்டை நினைத்து ஏங்குவார்கள். ஒரு கூட்டத்துக்காக ஏங்கியவர்கள் என்று நான் அவளைத் தவிர வேறு யாரையும் பார்த்ததில்லை.

அவள் கேட்ட ஒரே கேள்வி

ஒரு ஆடி மாதத்தில் அவள் அம்மா இறந்துபோனார். எனக்கு மத்தியானமே தகவல் வந்தது. சேலத்தில் ஆய்வுக் கூட்டம், கலெக்டர் வருகிறார். மறுநாள் போகலாம் என்று நினைத்தேன். மறுநாளும் போகவில்லை.

அந்த ஊரில் ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனிச் சுடுகாடு. முகாம்காரர்கள் எதிலும் சேர்த்தி இல்லை. அதுவரை யாராவது இறந்தால், யார் காலிலாவது விழுந்து எப்படியோ சமாளித்திருக்கிறார்கள். அன்று யாரும் இடம் கொடுக்கவில்லை. ஆற்றோரம் எரிக்கப் போனால், பக்கத்துத் தோட்டக்காரர் புகை வரும் என்று தடுத்தார். எரிக்கிற வழக்கம் உள்ளவர்கள், வேறு வழியில்லாமல் ஆற்றுப் புறம்போக்கில் குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்தார்கள்.

அடுத்த சபை. போட்டோ எடுத்தாயிற்று. மற்றப் பெண்கள் எழுந்து போனார்கள். தீர்மானங்கள் முடிந்து, "வேற ஏதாவது உண்டா?" என்று துரைசாமி சம்பிரதாயமாகக் கேட்டார். யோகராணி எழுந்தாள்.

"எங்கட ஆக்கள் செத்தால் வைக்கிறதுக்கு ஒரு இடம் வேணும் ஐயா. அதைத் தீர்மானமா எழுதுங்கோ."

துரைசாமி என்னைப் பார்த்தார். செயலர் பேனாவைத் திறந்தபடி என்னைப் பார்த்தார்.

"வாக்காளர் பட்டியல்ல இருக்கறவங்கதானுங்க தீர்மானம் கொண்டு வர முடியும்," என்றேன் நான். "அதுவும் போக, முகாம் வருவாய்த் துறையோடதுங்க. மனு எழுதி தாசில்தார்கிட்டக் குடுத்துப் பாருங்க."

ஒரு வார்த்தை தப்பில்லை. விதி அதுதான். வராதவர்களின் நூறு கையெழுத்து மடியில் இருந்தபோது ஞாபகத்துக்கு வராத விதி, அவள் வாயைத் திறந்ததும் எனக்கு மனப்பாடமாக வந்தது.

"அப்ப எங்களை ஏன் மிஸ் கூப்பிடுறனீங்கள்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் நோட்டில் கையெழுத்துப் போட்டு மூடிவிட்டு ஜீப்பில் ஏறினேன். அவள் அதற்கப்புறமும் சபைக்கு வந்தாள், எனக்குத் தேநீரும் கொடுத்தாள். ஒரு நாள் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு இத்தனை வருடம் வலித்திருக்காது.

போன பிறகு

போர் முடிந்து சில வருடங்கள் கழித்து, ஊருக்குத் திரும்புகிறவர்கள் பட்டியலில் பெயர் கொடுத்தாள். திருச்சியிலிருந்து விமானம். ஆத்தூர் பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பப் போனேன். இரண்டு பை, ஒரு தையல் மெஷின்.

"எல்லாத்தையும் எடுத்திட்டன் மிஸ். அம்மாவை மட்டும் விட்டிட்டுப் போறன்," என்றாள். பஸ் கிளம்பும்வரை வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகு நான் ஓய்வு பெற்றேன். சேலம் அஸ்தம்பட்டியில் வீடு, காலையில் நடை, சாயந்திரம் சீரியல். எப்போதாவது அவளிடமிருந்து வாட்ஸப்பில் பூப்படம் வரும். காடாகக் கிடந்த காணியைத் துப்புரவாக்கிவிட்டாள் என்று தெரிந்தது. குளத்தில் தண்ணீர் நிற்கிறதாம்.

ஒரு நாள் போன் செய்து அவளே சிரித்தாள். "மிஸ், இஞ்ச பிரதேச சபைக்கு எலெக்சன், உங்கட பஞ்சாயத்து மாதிரி. பொம்பிளையள் இத்தினை பேர் இருக்கவேணும் எண்டு சட்டம் வந்திட்டுது. ஒரு கட்சிக்காரர் வீட்டை வந்தவை. பேரைத் தாங்கோ, நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை எண்டு சொல்லுகினம்."

"நீ என்ன சொன்ன?"

"இஞ்சயும் போட்டோவுக்குத்தான் கூப்பிடுகினம் எண்டு விளங்கிட்டுது. ஓம் எண்டிட்டன். எனக்குத்தானே பழக்கம்."

இரண்டு பேரும் சிரித்தோம். போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜெயித்தாள். சபை கூடுகிற நாளெல்லாம் எனக்குப் போன் வரும். போரில் எரிந்து கிடந்த சபைக் கட்டடத்துக்குப் புதுக் கூரை போட்டிருக்கிறார்களாம். முதல் கூட்டத்தில் எந்தத் தாளை யாரிடம் கொடுப்பது என்று பாதிப் பேருக்குத் தெரியவில்லையாம். ஒரு தலைமுறைக்கே சபை நடத்திப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. தவிசாளர் என்று அங்கே சொல்கிற தலைவரே இவளைக் கேட்டாராம். "முதல்ல போன கூட்ட அறிக்கையை வாசியுங்கோ," என்று இவள் எடுத்துக்கொடுத்தாளாம். துரைசாமி சபையில் தூணோரம் கற்றது.

"உங்கட பஞ்சாயத்துத் தலைவர் சுகமோ?" என்று ஒரு தடவை விசாரித்தாள். பதவிக்காலம் முடிந்துவிட்டது, இன்னும் தேர்தல் வரவில்லை, தனி அலுவலர்தான் பார்க்கிறார் என்றேன்.

"அட, எங்களுக்குச் சபை வந்திட்டுது, உங்களுக்கு இல்லையோ!" என்றாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

வாய் இரவல்

சில மாதங்களுக்கு முன் வந்த போனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அன்று அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

அவள் ஊருக்குப் பின்பக்கம், போருக்குப் பின் வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். ஊர் மயானத்தில் இடம் தர ஊர்க்காரர்கள் மறுத்துவிட்டார்கள். அவர் மருமகள் சபைக்கு வந்து பார்வையாளர் வரிசையில் எழுந்து நின்றாள். தவிசாளர், "பார்வையாளர் கதைக்கேலாது, இருங்கோ," என்றார். விதி அதுதான்.

"ஒரு நிமிசம் நானே அங்க நிக்கிற மாதிரி இருந்தது மிஸ்," என்றாள் யோகராணி. "பிறகு நான் எழும்பினன். அந்தப் பிள்ளை கேக்கிறதை நான் கேக்கிறன், என்ர பேரில எழுதுங்கோ எண்டன். கட்சிக்காரர் முறைச்சவை. நான் இருக்கேல்லை, நிண்டுகொண்டே இருந்தன். எழுதிப்போட்டினம். போன கிழமை மயானத்தை எல்லாருக்கும் பொது எண்டு முடிவெடுத்தாச்சு."

நான் "நல்லது" என்றோ என்னவோ சொன்னேன். போனை வைத்ததும்தான் எனக்கு உறைத்தது.

அவ்வளவு லேசான காரியம் அது. அன்றைக்கும் ஜமுக்காளத்தில் வாக்காளர்கள் பத்துப் பேராவது இருந்தார்கள். ஒருத்தர் வாயை இரவல் கேட்டிருந்தால் விதியும் பிழைத்திருக்கும், அவள் கேள்வியும் நோட்டில் ஏறியிருக்கும். இத்தனை வருட உத்தியோகத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

மறுவாரமே கெங்கவல்லிக்குப் பஸ் ஏறினேன். துரைசாமிக்கு இப்போது கைத்தடி வந்துவிட்டது, சட்டை மட்டும் அதே வெள்ளை. விஷயத்தைச் சொல்லி, அடுத்த சபையில் முகாமுக்கு மயான இடத்தை அவர் பேரில் கேட்கவேண்டும் என்றேன்.

"கேக்கறேன். அதுக்கென்ன?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கே நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அப்பவே கேட்டிருப்பேனே மேடம். நான் உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்," என்றார்.

அந்தச் சபைக்கு நான் போனேன். எனக்கு ஓட்டு சேலத்தில், அதனால் வாயைத் திறக்கவில்லை. முகாமிலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள். துரைசாமி தடியை ஊன்றி எழுந்து கேட்டார். தனி அலுவலர் வயதில் சின்னவர், நல்ல பிள்ளை. ஆற்றுப் புறம்போக்கில் மயானத்துக்கு இடம் தர வழியில்லை, மேலே மேட்டுப் புறம்போக்கில் கேட்கலாம் என்று சொல்லி எழுதிக்கொண்டார். காகிதம் தாசில்தார் அலுவலகம் போய், இப்போது சர்வேயர் அளக்க வரப்போகிறார் என்கிற அளவுக்கு வந்திருக்கிறது.

போன வாரம் முகாமிலிருந்து ஒரு அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். மேட்டில் எல்லை எங்கே வரும் என்று கிராம உதவியாளர் காட்டினார். கீழே ஆற்றுப் பக்கம் ஒரு நொச்சிப் புதரும், அதன் அடியில் ஒரு கல்லும் இருந்தன. "இதுதான் யோகாட அம்மா," என்றார் கூட வந்தவர். நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. கல்லுக்கும் எல்லைக்கும் நடந்து பார்த்தேன். ஏழு தப்படி.

சாயந்திரம் யோகராணியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். துரைசாமி எழுந்து கேட்டதைச் சொன்னபோது அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"அம்மாவை வைச்ச இடமும் அதுக்குள்ள வருமோ மிஸ்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். "ஏழு தப்படி தள்ளி இருக்குது யோகா. ஆத்துப் பக்கம்."

 

"மிஸ்."

"சொல்லு."

"அளக்கேக்க சங்கிலியைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கோ."

விதிப்படி அது முடியாது. அவளுக்கும் அது தெரியும், என்னைவிட நன்றாகவே தெரியும்.

"சரி யோகா," என்றேன். சர்வேயர் வருகிற அன்று சங்கிலியின் ஒரு முனையை நான்தான் பிடிக்கப்போகிறேன்.